அந்தத் துணி காயக்கட்டு இல்லை

இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரேட் யார்மத்தில் எடுத்த பழைய படத்தைப் போட்டு, அதில் பெண்களின் விரல்களில் இருக்கும் துணி காயக்கட்டா என்று கேட்டிருந்தீர்கள். காயத்துக்குப் போட்ட கட்டு இல்லை அது, காயம் வராமல் இருக்கச் சுற்றியது. படத்தில் இருப்பவர்கள், அந்தக் காலத்தில் ஹெர்ரிங் மீன் அறுக்க ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெண்கள். மாவுச் சாக்குத் துணியைக் கிழித்து, ஒவ்வொரு விரலாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள்.

காரணம் கத்தியும் உப்பும்தான். கைதேர்ந்தவர் குட்டைக் கத்தியால் நிமிடத்துக்கு 60 மீன் வரை குடல் எடுப்பார். மீனோ வழுக்கும். சின்னக் கீறலில் உப்பு இறங்கினால் போதும், லேசில் ஆறாது, புண்ணாகிவிடும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லார் விரலிலும் ஒரே மாதிரி துணியும் நூலும் தெரிந்தால் இதுவேதான். மூன்று பேராக நிற்கிறார்களா என்றும் பாருங்கள்: இருவர் அறுப்பார்கள், ஒருவர் பீப்பாயில் உப்போடு அடுக்குவார். பீப்பாயின் அடி எட்ட வேண்டுமே, அதனால் அடுக்குபவர் பெரும்பாலும் உயரமானவராக இருப்பார்.

ஆனால் ஒருவருக்கு மட்டும் உள்ளங்கை வரை தடித்த கட்டு இருந்தால், அது நிஜக் காயமாகவே இருக்கலாம். துணியையும் மீறி வெட்டு விழும். பாவம், அதற்கு மருந்து போடவே கிறிஸ்தவ மிஷன் ஆட்கள் அங்கே தனி இடம் வைத்திருந்தார்கள்.