கோத்தகிரில வீட்டுத் தொட்டி மீன் ஒவ்வொன்னா சாகுது, மருந்து ஊத்தியும் கேக்கல

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் போடுறோம். பாப்பா ஆசைப்பட்டான்னு தீபாவளிக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து 2 அடி கண்ணாடித் தொட்டி, 8 கப்பி, 4 கோல்டு ஃபிஷ், கண்ணாடில ஒட்டிக்கிட்டு பாசி திங்கற சக்கர் மீன் 1 வாங்கிட்டு வந்தோம். சனிக்கிழமை ஆனா முழுத் தண்ணியையும் கொட்டி கல்லு, ஃபில்டர் எல்லாம் பைப்புல தேய்ச்சுக் கழுவி சுத்தமாத்தான் வைக்கிறேன். அப்படியும் உப்பு தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வந்து சாகுது. கடைல குடுத்த நீல மருந்து 3 நாள் ஊத்தினேன், கேக்கல. இப்ப 7 மீன்தான் மிச்சம். ஹீட்டர் இல்ல.

பதில்: வணக்கம்ங்க அண்ணா. சொல்றேன்னு வருத்தப்படாதீங்க, நீங்க அக்கறையா பண்ற அந்த சனிக்கிழமை கழுவல்தான் முதல் காரணம். ரெண்டாவது குளிர். மார்கழில உங்க ஊர் பைப் தண்ணில கை வச்சா விரல் மரத்துப் போகும், அதுல கப்பிய விட்டா எப்படி தாங்கும், அதுக்கு 22ல இருந்து 28 டிகிரி வரைக்கும் வேணும். தண்ணி திடீர்னு குளிர்ந்தா மீனோட எதிர்ப்பு சக்தி அப்படியே விழுந்துரும், ஏற்கனவே தொட்டில இருக்கற ஒட்டுண்ணி ஏறிக்கும், அதுதான் வெள்ளைப் புள்ளி. யோசிச்சுப் பாருங்க, சனிக்கிழமை கழுவின பிறகு சில நாள்ல புள்ளி தெரிஞ்சிருக்கும்.

மருந்து ஏன் கேக்கலன்னு கேட்டீங்க. மீன் தோலுக்குள்ள புள்ளியா உக்காந்திருக்கும்போது எந்த மருந்தும் அத தொடாது, அது முத்தி கீழ விழுந்து குட்டி போட்டு தண்ணில நீந்தி வர்ற நேரத்துலதான் சாகும். வெதுவெதுப்பான தண்ணில இந்த சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும், ஆனா உங்க தொட்டி மாதிரி 14, 15 டிகிரில வாரக்கணக்கா இழுக்கும், அப்ப 3 நாள் மருந்து ஊத்தி என்ன பிரயோஜனம். சமவெளிக்காரங்க சொல்ற அளவு மலைக்கு ஒத்து வராதது இங்கதான்.

அதனால முதல்ல ஹீட்டர். உங்க தொட்டி 2க்கு 1க்கு 1 அடின்னா கல்லு போக 50 லிட்டர் தண்ணி புடிக்கும், அதுக்கு 100 வாட் வேணும், நான் சொல்றது 50 வாட் ரெண்டா வாங்குங்க, ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு தாங்கும், ஒன்னு ஆஃப் ஆகாம சிக்கிக்கிட்டாலும் மீன் வெந்து போகாது. பின்பக்கமும் ரெண்டு சைடும் தெர்மாகோல் ஒட்டி மேல மூடி போட்டா கரண்ட் மிச்சமாகும். தெர்மாமீட்டர் ஒன்னு கண்டிப்பா வாங்குங்க, கை வச்சு பாக்கறதெல்லாம் கணக்கு இல்ல. தண்ணில கை விடும்போது பிளக்க உருவிடுங்க, பாப்பா இருக்கற வீடு.

2 மணி நேரத்துக்கு 1 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க, 28 வரைக்கும் கொண்டு போய் புள்ளி மறைஞ்ச பிறகும் சேத்து ஒரு 10 நாள் அப்படியே வைங்க. கூடவே அயோடின் இல்லாத கல்லுப்பு 100 கிராம், கரைச்சு இன்னைக்கு பாதி நாளைக்கு பாதி ஊத்துங்க, சக்கருக்கு உப்பு அவ்வளவா ஒத்துக்காது அதனால ஒரேடியா கொட்ட வேண்டாம். செடி வச்சிருந்தா எடுத்துருங்க. காத்து மோட்டார் ராத்திரி பகல் ஓடணும், ஏன்னா சூடான தண்ணில ஆக்சிஜன் குறையும், அதுலயும் நாம 6000 அடி உயரத்துல இருக்கோம், சமவெளிய விட இங்க தண்ணில கரையற ஆக்சிஜனே ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கம்மி.

இப்ப கழுவற விஷயம். தொழு உரம் மக்கறதுக்கு உள்ள நுண்ணுயிர் வேலை செய்யணும்ல, அதே மாதிரி மீன் கழிவுல இருந்து வர்ற அம்மோனியா விஷத்த மாத்தறதுக்கு ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் பாக்டீரியா வளரணும். அது வளர 4ல இருந்து 6 வாரம் ஆகும், குளிர்ல நம்ம குப்பைக்குழி லேட்டா மக்கற மாதிரி இன்னும் லேட்டாகும். நீங்க வாரா வாரம் அத தேய்ச்சு சாக்கடைல விட்டுட்டீங்க. இனிமே வாரம் 10 லிட்டர் மட்டும் மாத்துங்க, முந்தின நாளே பக்கெட்ல புடிச்சு திறந்து வச்சா பிளீச்சிங் வாடை போயிரும், ஊத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் வெந்நீர் கலந்து தொட்டித் தண்ணி சூட்டுக்கு கொண்டு வாங்க. ஸ்பாஞ்ச வெளிய எடுத்த பழைய தண்ணிலயே லேசா பிழிஞ்சா போதும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு தடவை, 2 நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு.

இன்னொன்னு, கேரட்டுக்கு பூச்சி மருந்து அடிச்சிட்டு வந்த கையோட தொட்டில கை விட்றாதீங்க. பைரித்ராய்டு வகை மருந்து மனுஷனுக்கு கொஞ்சம் தாங்கும், மீனுக்கு சொட்டு போதும். தோட்டத்து ஓடைத் தண்ணியும் வேண்டாம். கொசுவுக்கு ஸ்ப்ரே அடிச்சாலும் காத்து மோட்டார் அத இழுத்து உள்ள தள்ளிரும்.

நம்ம மலைத் தண்ணி சோப்பு போட்டா நல்லா நுரைக்கும் பாத்தீங்களா, அவ்ளோ மென்மை. கப்பிக்கு கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருக்கற தண்ணிதான் புடிக்கும், கழுவின கிளிஞ்சல் ஒரு கைப்பிடி துணில கட்டி ஃபில்டர் பக்கத்துல போடுங்க. சுண்ணாம்பு போட்றாதீங்க.

கோல்டு ஃபிஷ் பத்தி மனசார சொல்றேன், 50 லிட்டர்ல 4 ரொம்ப அதிகம், கப்பியோட சேத்தும் வைக்கக் கூடாது, அது வளந்ததும் கப்பியோட குட்டிய முழுங்கும், அதுக்கு 20 டிகிரியே போதும். நோய் தீந்ததும் பெரிய சிமெண்ட் தொட்டி இருக்கறவங்ககிட்ட குடுங்க. சக்கர் ஒரு அடிக்கு மேல வளரும். யாரும் வாங்கலன்னாலும் ஓடைலயோ டேம்லயோ மட்டும் விட்றாதீங்க, நம்ம மலை மீனுக்கு அது எமன்.

குன்னூர்ல ஒரு டிசம்பர்ல மரம் விழுந்து ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாம 11 மீன் போச்சு எனக்கு, காலைல பாத்துட்டு அன்னைக்கு சோறு இறங்கல. அதுல இருந்து கரண்ட் போனா உடனே தொட்டிய கம்பளியால சுத்திட்டு, வெந்நீர் ரொப்புன பாட்டில மூடி இறுக்கி தண்ணில மிதக்க விடுவேன், ஆறினா மாத்துவேன். பேட்டரி ஏர் பம்ப் ஒன்னும் வாங்கி வைங்க.

ஹீட்டர் போட்ட பிறகு 5 நாள் காலைல 6 மணிக்கும் சாயங்காலம் 4 மணிக்கும் தெர்மாமீட்டர் பாத்து எழுதி அனுப்புங்க, எத்தன மீன்ல இன்னும் புள்ளி இருக்குன்னும் பாப்பாவ எண்ணிச் சொல்லச் சொல்லுங்க.