'ங்க' யாருக்கு?

கேள்வி: கொங்குத் தமிழே மரியாதைத் தமிழ். குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்போம். சாதி, ஆண்-பெண் பேதமெல்லாம் பழைய கதை. வடக்கத்திக்காரர்கள் வந்து குவிந்த பிறகுதான் ஊர் கெட்டது என்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: சரியில்லை. போன மாசம் கோபிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றிருந்தேன். தேங்காய் பொறுக்க வந்தவருக்கு எழுபது வயசு இருக்கும். தோட்டத்துக்காரர் மகன் ஆறாவது படிக்கிறான். "டேய், அந்தப் பக்கம் ரெண்டு காய் கெடக்குது பாரு" என்றான். பெரியவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆகட்டுஞ் சாமி" என்றார். அடுத்த நிமிஷம் அதே பையன் என்னிடம், "எளநி குடிக்கறீங்களாங்க?" என்றான். யாருக்கு 'ங்க', யாருக்கு 'டேய்' என்பது பதினோரு வயசுக்குள் அவனுக்குப் பாடமாகிவிட்டது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பெரியவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

அவருடைய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனி டைலர். அங்கே அவனுக்கு 'வாங்க தம்பி' கிடைக்கிறது. வாடகைக்கு வீடு தேடிப் போனால் மட்டும், "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார்கள். சாதி கேட்பதற்கும் 'ங்க' போடுகிற ஊர் இது! அந்தப் பையனும் பக்கத்து மெஷினில் இருக்கும் ஒடிசாக்காரனை 'டேய் வடக்கா' என்றுதான் கூப்பிடுகிறானாம். கேட்டபோது மனசு கனத்தது.

பெண்களுக்கு வருவோம். மஞ்சள் காட்டில் ஆண் வெட்டுவான், பெண் பின்னாலேயே குனிந்து மண் உதறிப் பொறுக்குவாள். நேரம் ஒன்று, கூலி இரண்டு. சம ஊதியச் சட்டம் வந்தது 1976-ல். அந்தப் பெண் தாழ்த்தப்பட்ட சாதியாகவும் இருந்துவிட்டால், குறைந்த கூலியையும் 'ஏ புள்ள'யையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போகிறாள்.

வடக்கத்திக்காரர்கள் ஊரைக் கெடுத்தார்கள் என்கிறீர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்களை அடிப்பதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. வீடியோ பொய்தான். ஆனால் அதை அவர்கள் அவ்வளவு சுலபமாக நம்பியதற்குத் தினமும் காதில் விழுந்த 'வடக்கா'வுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நம்மைப் பற்றி அவர்களுக்கு வேறென்ன தெரியும்?

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ வேலைக்கு வருகிறவர்களில் உங்களைவிட வயசில் மூத்தவர் யார், அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? அதை எழுதுங்கள், அடுத்த இதழிலேயே பிரசுரிக்கிறேன்.