ரீலுக்கு வீட்டிலேயே காந்த பிரேக்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது மீன்பிடிக்கும் பழைய உருளை ரீல். பலமாக வீசினால் தூண்டில் நரம்பு சிக்கிக்கொள்கிறது. காந்தம் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் அலுமினியம் ஆயிற்றே, அதில் காந்தம் ஒட்டாதே?

பதில்: ஒட்டாமல் இருப்பதுதான் நல்லது. காந்தத்தின் அருகே அலுமினியம் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியை எதிர்க்கிறது. ஸ்பூல் வேகமாகச் சுழன்றால் தடை கூடும். தளர்ந்தால் தடையும் தளரும். ஈயக்குண்டு நரம்பை இழுத்துச் செல்லும் வேகத்தை ஸ்பூல் மிஞ்சும்போதுதான் சிக்கு விழுகிறது. அது பெரும்பாலும் வீச்சின் தொடக்கத்திலேயே நடக்கும். காந்தம் கடிவாளம் போடுவதும் அந்த நேரத்தில்தான். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை.

கேள்வி: எப்படிப் பொருத்துவது?

பதில்: கைப்பிடி இல்லாத பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். பற்சக்கரங்கள் உள்ள பக்கம் வேண்டாம். அங்கே எஃகு பாகங்கள் அதிகம். முதலில் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். மூடியின் உட்புறம், ஸ்பூல் விளிம்புக்கு நேராக, பட்டாணி அளவு களிமண்ணை ஒட்டி மூடுங்கள். ஸ்பூலை அந்தப் பக்கமாகவே தள்ளிப் பிடித்துக்கொண்டு மூடியை இறுக்கி, மறுபடி திறந்தால் களிமண் நசுங்கியிருக்கும். அதன் கனம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். 6 மி.மீ. என்று வையுங்கள்: 1 மி.மீ. இரும்புத் தகடு, 3 மி.மீ. காந்தம் போக 2 மி.மீ. இடைவெளி மிஞ்சும். தொடங்குவதற்கு அது போதும்.

தகட்டை மட்டும் எபாக்ஸி பசையால் மூடியில் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்திருக்க வேண்டும். காந்தத்துக்குப் பசை வேண்டாம், தகடே பிடித்துக்கொள்ளும். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காந்தத்தை ஒட்டிவிட்டால் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளைக் காந்தம் பற்றாது. ஆகவே தகட்டைச் சோதித்துவிட்டு வெட்டுங்கள். சிறிய நியோடிமியம் காந்தங்களே ஏற்றவை.

கேள்வி: எத்தனை காந்தம் வைக்கலாம் அண்ணா?

பதில்: ஒன்றில் தொடங்குங்கள். வீசும்போது ஸ்பூலின் மேல் நரம்பு பொங்கி எழுந்தால் இன்னொன்று சேருங்கள். பக்கத்தில் வைப்பதன் முனையைத் திருப்பி, வடக்குக்கு அருகில் தெற்கு வருமாறு வைத்தால் தடை நன்றாகக் கூடும். நரம்பு விறைப்பாகவே இருந்து குண்டு வழக்கத்தைவிட முன்னதாக விழுந்தால் தடை அதிகம் என்று பொருள். எதிர்காற்றிலும் எடை குறைந்த தூண்டிலிலும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். தூரம் பறிபோகிறதே என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே நான்கைந்து காந்தங்களை அடுக்கியவர்கள்தான்.

கேள்வி: என் ஸ்பூல் பிளாஸ்டிக். வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. மின்சாரம் கடத்தாத பொருளில் மின்னோட்டம் உண்டாகாது. அலுமினிய வளையம் வெட்டி ஒட்டலாம்தான். ஆனால் மையம் சிறிது விலகினாலும் ஸ்பூல் அதிரும். அலுமினிய ஸ்பூல் கிடைத்தால் மாற்றிவிடுங்கள். பித்தளை ஸ்பூலில் வேலை செய்யும், தடை மட்டும் குறைவாக இருக்கும்.

கேள்வி: கடல் நீரில் காந்தம் துருப்பிடிக்காதா?

பதில்: மேல்பூச்சு கீறினால் விரைவில் பிடிக்கும். மெல்லிய எபாக்ஸி பூச்சு கொடுங்கள். ரீலைத் திறக்கும்போதெல்லாம் காந்தத்தில் சேரும் இரும்புத் துகள்களை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். இந்தக் காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்வி உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: இதற்குப் பிறகு, வீசும்போது ஸ்பூலின் மேல் வைக்கும் கட்டைவிரலை எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. குண்டு தண்ணீரைத் தொட்டதும் நரம்பு நின்றுவிடும், ஸ்பூல் நிற்காது. அந்த நேரத்தில் ஸ்பூலின் வேகம் குறைந்திருப்பதால் காந்தத்தின் பிடியும் குறைவாகவே இருக்கும். அங்கே விரல்தான் நிறுத்த வேண்டும்.