தானமாக வந்த வால்வு எத்தனை ஆண்டு தாங்கும்?

கேள்வி: இதயத்திலிருந்து இரண்டு குழாய்களுக்குப் பதில் ஒரே பெருங்குழாய் புறப்படும் ட்ரங்கஸ் என்ற குறையுடன் பிறந்தவள் என் மகள். நான்காம் மாதத்தில் சென்னையில் அறுவை சிகிச்சை செய்து, இறந்த ஒருவரின் வால்வை வைத்தார்கள். இப்போது அவளுக்கு ஏழு வயது. ஜனவரியில் எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் வால்வு சுருங்கியிருப்பதாகக் கூறி, மார்ச்சில் மீண்டும் வரச் சொன்னார்கள். கெட்டுப்போன வால்வை வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வரை பரிசோதனையைத் தள்ளலாமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: கெட்டுப்போன வால்வு என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள், சகோதரி. தானமாகப் பெறும் வால்வு கிருமி நீக்கப்பட்டு, திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் உறைய வைக்கப்படுகிறது. அந்த நிலையில் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. இம்முறையில், வால்வின் சட்டகம் நிலைத்திருந்தாலும் அதன் உயிரணுக்கள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. ஆகவே குழந்தை வளரும், வால்வு வளராது. நான்கு மாதச் சிசுவின் மார்புக்குள் அடங்கும்படி வைத்த, வால்வுடன் கூடிய சிறிய குழாய், ஏழு வயதுச் சிறுமியின் இரத்த ஓட்டத்திற்குப் போதாமல் போவது அன்றே எதிர்பார்த்ததுதான். அத்துடன் குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அந்நியத் திசுவை அடையாளம் கண்டு தாக்குவதால், சுவரில் கால்சியம் படிந்து இதழ்கள் இறுகுகின்றன. வயது குறையக் குறைய இது வேகமாக நடக்கும். பதின்ம வயதில் வைத்த வால்வு பல ஆண்டுகள் உழைக்கும். முதல் வயதுக்குள் வைத்ததோ பெரும்பாலும் பத்தாண்டுக்குள் மாற்றப்பட வேண்டி வரும். உங்கள் மகளின் வால்வு ஏழாண்டு உழைத்திருப்பதை நான் குறையாகக் கருதமாட்டேன்.

இனி என்ன என்பது எக்கோவில் தெரியும், வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டையும் இதயத்தின் வலது கீழறையின் நிலையையும் பொறுத்தது. 2000ஆம் ஆண்டில் பிலிப் போன்ஹோஃபர் என்ற இதய மருத்துவர் பாரிசில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மார்பைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியே பழைய குழாய்க்குள் புது வால்வை வைத்தார். இன்று அது பரவலான சிகிச்சை என்றாலும், அதற்குக் குழந்தையின் எடையும் பழைய குழாயின் அகலமும் போதுமானவையாக இருக்க வேண்டும். இல்லையெனில் பெரிய அளவு வால்வை அறுவை சிகிச்சையால்தான் வைப்பார்கள். உயிருள்ள, வளரக்கூடிய வால்வை வைக்கும் முயற்சி 2022இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியிருக்கிறது. நம் குழந்தைகளுக்கு அதை இப்போதே எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. மார்ச்சில் வரச் சொன்னதை நீங்களாகத் தள்ளாதீர்கள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லுங்கள், சில வாரம் பொறுக்கலாமா என்று அவர்களே கூறட்டும். கணவர் வர இயலாவிட்டால் உறவினர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். மயக்கம், சிறிது ஓடினாலே மூச்சிரைப்பு, கால் வீக்கம், உதடு நீலமாதல், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மார்ச் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலை நான் தனியே வலியுறுத்துகிறேன்: இத்தகைய வால்வில் கிருமி குடியேறினால் ஆபத்து அதிகம். பல் பிடுங்குவதற்கு முன்னும் ஈறு சிகிச்சைக்கு முன்னும் ஆன்டிபயாட்டிக் தேவை என்பதைப் பல் மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். வைத்த வால்வின் வகையும் மில்லிமீட்டர் அளவும் குறித்த அறுவை சிகிச்சைச் சீட்டின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எந்த ஊர் மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்பார்.