பீட்சா விற்பனையை வைத்துப் போரை முன்கூட்டியே அறிய முடியுமா?

நம்பகமாக அறிய முடியாது. "பீட்சா குறியீடு" என்பது, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனைச் சுற்றியுள்ள பீட்சா கடைகளில் இரவில் கூட்டம் கூடினால் ஏதோ ரகசிய நடவடிக்கை நெருங்குகிறது என்ற ஊகம். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைவதற்கு முந்தைய இரவு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கு வழக்கத்தைவிட அதிக பீட்சா போனதாக வாஷிங்டன் கடைக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து இது பரவியது.

திருநெல்வேலியில் வைத்துப் பாருங்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு இரவு பத்து மணிக்கு ஒரு பையன் இரண்டு கைகளிலும் டீத்தூக்கோடு ஓடுகிறான். உள்ளே பலர் விழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். தாமிரபரணியில் வெள்ளமா, தேர்தல் வேலையா, ஆனித் தேரோட்டப் பாதுகாப்புக் கூட்டமா? டீத்தூக்கு சொல்லாது. ஆற்றில் வெள்ளம் வந்த இரவுகளை வைத்து மட்டும் கணக்குப் போட்டால், டீத்தூக்கே வெள்ளத்தைச் சொன்னதுபோல் தோன்றும்.

அங்கேயும் இதே கதைதான். பென்டகனில் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். கட்டடத்துக்குள்ளேயே உணவகங்கள் உண்டு. வெளிக்கடையின் கூட்டம் விளையாட்டுப் போட்டியாலும் வரும், வெள்ளிக்கிழமையாலும் வரும். கூட்டம் கூடியும் ஒன்றும் நடக்காத இரவுகளை யாரும் எழுதி வைப்பதில்லை. கணக்கு கெடுவது அங்கேதான்.

இந்தக் கடைகளில் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்தும் கூகுள் வரைபடத்தில் "கூட்டம் அதிகம்" என்று காட்டுவதை ஆர்டர் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த இடத்தில் இருக்கும் கைபேசிகளின் இருப்பிடத் தகவலைக் கொண்டு போடும் மதிப்பீடு.