மந்திரம் எழுதலாமா, 70,000 கட்டலாமா? குடியாத்தம் தங்கைக்கு ஒரு பதில்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். அவர் கேட்டது இதுதான்:

"அக்கா, எனக்கு 23 வயது. மூன்று வருடம் உழைத்து ஒரு மாயப்புனைவு நாவலை முடித்திருக்கிறேன். 48,000 சொல். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. காணாமல் போன ஓர் ஆற்றைத் தேடிப் போகும் பெண்ணின் கதை. என் விசுவாசம்தான் கதைக்கு அடித்தளம். சபையில் ஒரு மூப்பர், 'மந்திரம், மாயமெல்லாம் நம் பிள்ளைகள் எழுதலாமா?' என்று கேட்கிறார். சபைக்கு வெளியே இருக்கும் தோழியோ, 'நடுநடுவே பிரசங்கம் வந்துவிடுகிறது' என்கிறாள். ஒரு பதிப்பகம் 500 பிரதிக்கு 70,000 ரூபாய் கட்டச் சொல்கிறது. விற்றால் 10 சதவீதம் ராயல்டி தருவார்களாம். நான் என்ன செய்ய? அட்டையில் ஞானஸ்நானப் பெயரைப் போடலாமா? மூன்றாம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்."

முதலில் அந்த 70,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கணக்கைப் பாருங்கள். பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் என்று வைத்தால் உங்கள் நாவல் டெம்மி அளவில் 240 பக்கம் வரும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் சரியாக 15 ஃபாரம். விலை 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 28 ரூபாய். 500 பிரதியும் ஒன்று விடாமல் விற்றாலும் உங்கள் கைக்கு வருவது 14,000 ரூபாய். அச்சுச் செலவை முழுக்க நீங்கள் கொடுத்துவிட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ராயல்டி என்ற பெயரில் திரும்ப வாங்குகிறீர்கள். ராயல்டி என்பது பதிப்பகம் தன் பணத்தைப் போட்டு அச்சிட்டு, எழுத்தாளருக்குத் தரும் பங்கு. பணம் போட்டவர் நீங்கள் என்றால் செலவு போக மிஞ்சுவது முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

என் முதல் நாவலுக்கு நான் சீட்டு எடுத்த பணத்தைத்தான் கட்டினேன். காட்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது, 500 பிரதிகள் கட்டுக் கட்டாக இறங்கின. அன்று இரவு அம்மாவும் நானும் ஒரு கட்டைப் பிரித்தோம். முதல் பக்கத்திலேயே 'கொடு' என்ற சொல் 'ெகாடு' என்று அச்சாகியிருந்தது. யூனிகோடில் நான் கொடுத்ததை அவர்கள் வேறொரு எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கொம்பெல்லாம் எழுத்தை விட்டு விலகி நின்றது. மாற்றிய பிறகு யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை, என்னிடமும் காட்டவில்லை. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் இல்லை. முந்நூறு பிரதிக்கு மேல் நான்கு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அச்சுக்குப் போகும் கடைசி பி.டி.எஃப். உங்கள் கண்ணில் படாமல் ஒரு தாளும் அச்சாகக் கூடாது.

இப்போது மூப்பர் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள், நியாயமான கேள்விதான். உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறிசொல்லுதலையும் சூனியத்தையும் வெளிப்படையாகவே விலக்குகிறது. எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்ததை அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அவர் பயப்படுவது இதை நினைத்துத்தான். ஆனால் அதே வேதத்தில் நியாயாதிபதிகள் 9-ஐத் திறந்து அவரோடு உட்கார்ந்து படியுங்கள். யோதாம் கெரிசீம் மலை உச்சியில் நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்களெல்லாம் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் போகின்றன. ஒலிவமரம் வேண்டாம் என்கிறது, அத்திமரம் வேண்டாம் என்கிறது, திராட்சச்செடியும் வேண்டாம் என்கிறது. கடைசியில் முட்செடி சரி என்கிறது, என் நிழலில் வந்து அடையுங்கள் என்கிறது. பேசும் மரங்கள், அரசாட்சி, பயமுறுத்தும் ஒரு முடிவு எல்லாம் இருக்கிறது. இதை மாயப்புனைவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கேட்டவர்கள் யாரும் யோதாமை மந்திரவாதி என்று நினைக்கவில்லை. தன் சகோதரர்களைக் கொன்று ராஜாவான அபிமெலேக்கைப் பற்றித்தான் பேசுகிறான் என்று புரிந்துகொண்டார்கள்.

தமிழிலும் இது புதிதில்லை. பாளையங்கோட்டையில் வாழ்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவி, கம்பனில் ஊறிய தமிழில் அவர் எழுதிய காப்பியம் அது. மூப்பர் அந்தப் பாட்டில் ஒன்றையாவது கேட்டிருப்பார். நீங்கள் அந்த வரிசையில் வருகிறவர் என்று அவருக்குத் தெரியட்டும்.

ஆனாலும் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். கதையில் சக்தி எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? நாயகி நாலு வார்த்தையை முணுமுணுத்து உலகத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைத்தால் மூப்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அவளுக்குக் கொடுக்கப்பட்டதை அவள் பொறுப்பாகச் சுமந்தால், அதைத் தனக்கென்று பயன்படுத்தும் சோதனையில் ஒருமுறையாவது விழுந்து எழுந்தால், அது வேறு கதை. மூன்றாம் அத்தியாயத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் நாயகி இரண்டாவது வகை. அதைத் தைரியமாக எழுதுங்கள்.

தோழி சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். அவள் சொல்வது சரி. நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் காய்ந்த ஆற்று மணலில் அந்தப் பெண் ஊற்று தோண்டுகிறாள். அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பாலாற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்குத்தான் அப்படி எழுத வரும். முழங்கை அளவு தோண்டியதும் மணல் ஈரமாகிக் கறுக்கிறது. முதலில் கலங்கல்தான் ஊறுகிறது. கொட்டாங்குச்சியால் அதை அள்ளி வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறாள். மறுபடி ஊறுவது தெளிகிறது. அவ்வளவு அழகு. உடனே ஒரு முதியவர் வந்து, "மகளே, உண்மையான ஜீவத்தண்ணீர் உன் உள்ளத்தில்தான் இருக்கிறது" என்று அரைப் பக்கம் பேசுகிறார். தோழி சொன்ன பிரசங்கம் அதுதான்.

அந்த முதியவரை அனுப்பிவிடுங்கள். அவர் இடத்தில், இரண்டு நாளாக அவளைத் துரத்தி வந்த காவலாளி நாக்கு வறண்டு கரையில் விழுந்து கிடக்கட்டும். தெளிந்த முதல் கொட்டாங்குச்சித் தண்ணீர் அவள் கையில் இருக்கிறது. அவளுக்கும் தாகம். இப்போது அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வசனமும் வேண்டாம். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் யோவான் 4 தெரிந்த பிள்ளைக்கு அது உள்ளே கேட்கும். தெரியாத பிள்ளை, இவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று யோசித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். ஓய்வுநாள் பள்ளியில் பன்னிரண்டு வருடம் கதை சொன்ன அனுபவத்தில் சொல்கிறேன், "இந்தக் கதையின் பாடம் என்னவென்றால்" என்று நான் ஆரம்பித்த நொடியில் பின்வரிசைப் பிள்ளைகள் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள்.

இன்னொன்று. கதையில் பனி பொழியும் ஒரு கோட்டை வருகிறது. பனியை நீங்கள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, உங்கள் வாசகரும் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார். ஊற்றை எழுதியபோது இருந்த உயிர் கோட்டையில் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். நம் வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்களே: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி உள்ளே வரும்வரை கோட்டைக் கோயிலில் மூலவர் இல்லை. மாயப்புனைவு எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சொத்து என்ன வேண்டும்? யாரோ போய்விட்டார்கள், எல்லாம் காத்திருக்கிறது. உங்கள் கதையே அதுதானே. ஒரே மதிலுக்குள் கோயில், மசூதி, 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், சுற்றிலும் அகழி. ஒரு சாயங்காலம் போய் அகழி ஓரமாக நடந்து, கருங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதுங்கள். ஆறு திரும்பி வரும் கடைசி அத்தியாயத்துக்கு 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனந்தம் மட்டுமில்லை, பயமும் இருந்தது.

மொழி விஷயத்தில் ஒரு யோசனை. நாம் பழைய திருப்புதலை, அதாவது வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர்கள். பட்டயம், வலுசர்ப்பம், அக்கினி, பராக்கிரமசாலி எல்லாம் நமக்குச் சாதாரணம். பதினைந்து வயதுப் பெண் தோழியிடம் அப்படிப் பேசினால் வெளியே இருப்பவர்களுக்கு ஒட்டாது. அதற்காக அந்தச் சொற்களைத் தூக்கி எறியவும் வேண்டாம். உங்கள் உலகத்தில் அதைப் பழங்காலத்தவரின் மொழியாக வையுங்கள், கல்வெட்டிலும் பழம்பாட்டிலும் மட்டும் வரட்டும். நாயகி நம் தெருத் தமிழிலேயே பேசட்டும்.

திருத்தி முடித்ததும் பதினான்கு முதல் பதினாறு வயதுக்குள் நான்கு பிள்ளைகளைப் பிடியுங்கள். அதில் இரண்டு பேராவது சபைக்கு வெளியே இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். எந்தப் பக்கத்தில் கைபேசியை எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, வெளியிடுவது எப்படி? பணம் கேட்காத பதிப்பகங்களுக்கு முதலில் அனுப்புங்கள். ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், உங்களைப் பற்றி நாலு வரி போதும். கிறிஸ்தவப் பதிப்பகங்கள் பெரும்பாலும் தியானம், வேத விளக்கம், பாட்டுப் புத்தகம்தான் போடுகின்றன. நாவலுக்கு இடம் குறைவு. ஆகவே சிறார், இளையோர் நூல்கள் போடும் பொதுப் பதிப்பகங்களையும் விடாதீர்கள். கதை வலுவாக நின்றால் அவர்கள் உங்கள் மதத்தைப் பார்க்கப் போவதில்லை. பதிலுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள்.

யாராவது சரி என்றால் ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்தே ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "சகல உரிமைகளும்" என்று ஒரே வரியில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பதிப்புரிமை எழுதியவுடனே தானாக வந்துவிடுகிறது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் இருக்கும். பதிவு கட்டாயமில்லை.

யாரும் சரி என்று சொல்லவில்லையா? அப்போதும் 500 வேண்டாம். டிஜிட்டல் அச்சில் 50 பிரதி போடுங்கள். பிரதிக்கு விலை கூடும், ஆனால் கட்டிலுக்கு அடியில் எதுவும் தங்காது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, சொந்தமாக வெளியிடுகிற எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைகள் 30, 40 சதவீதம் கழிவு கேட்கும் என்பதை விலை வைக்கும்போதே கணக்கில் எடுங்கள்.

அந்த ஐம்பதை விற்கக் கடைக்கே போக வேண்டாம். அறுப்பின் பண்டிகையில் சபை வளாகத்தில் கேக்கும் ஊறுகாயும் விற்கும் ஸ்டால் போடுவார்களே, அங்கே ஒரு மேசை கேளுங்கள். நீங்கள் படித்த பள்ளியின் நூலகரைப் போய்ப் பாருங்கள். என் இரண்டாவது நாவலின் முதல் ஐம்பது அப்படித்தான் ஒன்றரை மாதத்தில் போனது. அமேசானின் கின்டிலில் தமிழ் மின்னூலும் போடலாம், முதலீடு இல்லை. ஆனால் அவர்களுடைய செலெக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது என்பதை மறக்காதீர்கள்.

ஞானஸ்நானப் பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போடுங்கள். சிலர் பொது வாசகர் விலகிவிடுவார்கள் என்று புனைபெயர் வைக்கச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், முதல் புத்தகத்தில் வேறு பெயர்தான் வைத்தேன். கண்ணமங்கலம் பள்ளி ஒன்றில் ஒரு பெண் புத்தகத்தை நீட்டி, "இது உங்க பேர் இல்லையாமே மிஸ், அப்ப யார் பேர்ல கையெழுத்துப் போடுவீங்க?" என்று கேட்டாள். இரண்டாவது புத்தகத்திலிருந்து என் சொந்தப் பெயர்தான்.