அப்பாவின் ‘சரிம்மா’

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 43. சென்னையில் இருக்கிறேன். எந்தப் பத்திரிகையிலும் வேலையில் சேராமல், இசை, கோயில், ஊர் என்று எழுதிக் கொடுத்தே 16 வருடங்களை ஓட்டிவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஒரு கட்டுரை எழுதினேன். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தை வாங்கி வந்து கடைந்து துளைபோடுவதை, பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்து எழுதியது. 1,500 சொற்கள் கொடுத்தேன், அச்சில் 400 சொற்கள்தான் வந்தது. பணம் ஏழு மாதம் கழித்து வந்தது. அடுத்ததாக ‘மன அழுத்தம் போக்கும் 5 ராகங்கள்’ கேட்டார்கள். எழுதினேன். அதைத்தான் எல்லோரும் படித்தார்கள்.

மார்கழியில் சபாவுக்குப் போனால் ஆலாபனை நடக்கும்போதே மடியில் செல்போன் வெளிச்சம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பலர் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்கள். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை முப்பது நொடிக்கு வெட்டிப் போடுகிறார்கள். எதையும் முழுசாகக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

நான் கும்பகோணம் பக்கம். சின்ன வயதில் அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துச் சாமி புறப்பாட்டுக்குக் கூட்டிப் போவார். வித்வான், நாகஸ்வரத்தில் ஊதுகிற முனையில் மாட்டும் சீவாளியை வாயில் நனைத்து, ஊதிப் பார்த்து, பிடிக்காமல் வேறொன்றை மாட்டுவதைக் காட்டி, “பாரு, இனிமேதான் வாசிக்கப் போறார்” என்பார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி வரும்போது அப்பாவின் விரல் என் தோளில் தாளம் போடும். இன்றைக்கு அப்படிக் கேட்கிற ஆள் யார் இருக்கிறார்கள்? அப்பாவுக்கே இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, போனில் எது சொன்னாலும் “சரிம்மா, சரிம்மா” என்கிறார், போய்ப் பார்த்தும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை விடுங்கள். முழுசாக எழுதினால் வெட்டுகிறார்கள், கேட்டதை எழுதினால் எனக்கே பிடிக்கவில்லை, பணமும் நேரத்துக்கு வருவதில்லை. பேசாமல் எழுதுவதை நிறுத்திவிடலாமா?

*

அன்புச் சகோதரி,

உழைப்புக்கான பணத்தை ஏழு மாதம் இழுத்தடித்தது தவறு. உங்கள் கோபம் நியாயம். ஆனால் கடிதத்தை மூன்று முறை படித்தும் என் கண் போய் நின்றது “அதை விடுங்கள்” என்ற இடத்தில்தான். என்னால் விட முடியவில்லை.

வயதாகிக் காது மங்கும்போது முதலில் போவது உச்ச ஒலிகள். ஆள் பேசுவது கேட்கும். என்ன பேசினார் என்பது பிடிபடாது. போனில் இன்னும் கஷ்டம், உதட்டைப் பார்க்க முடியாதே. இரண்டு தடவை “என்னம்மா?” என்று கேட்பார்கள். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாகி “சரிம்மா” என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு ஏன் சிரமம் என்ற நினைப்பு அது.

இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீவாளி மாற்றியதை இத்தனை வருடம் நினைவில் வைத்திருக்கிற நீங்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கவனித்ததால்தான் ஊருக்குப் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த மனிதர் கேட்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு வரவில்லை. கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி இந்தத் துக்கம். யாரும் முழுசாகக் கேட்பதில்லை என்கிறீர்கள். ஒரு வருடமாக அப்பாவின் ‘சரிம்மா’வை நீங்கள் முழுசாகக் கேட்டீர்களா? கடுமையாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அப்பா பக்கம்தான்.

எழுதுவதை நிறுத்துவது பற்றி இப்போது பேச வேண்டாம். முதலில் ஊருக்குப் போங்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் காதுக்குறும்பி அடைத்திருப்பதுகூடக் காரணமாக இருக்கும். காது மெஷின் தேவைப்பட்டால், நாகஸ்வரம் கேட்டு வாழ்ந்த காது என்று சொல்லி வாங்குங்கள். பேச்சுக்காக அமைத்த மெஷினில் பாட்டு கரகரவென்று ஒலிக்கக்கூடும், அதனாலேயே கழற்றி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. இசைக்கென்று தனியாக அமைத்துத் தரச் சொல்லலாம். அவரிடம் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம்.

அப்புறம், பக்கத்துக் கோயிலில் புறப்பாடு இருந்தால் அவரைக் கூட்டிப் போங்கள். தவிலில் குச்சியால் அடிக்கிற தொப்பிப் பக்கத்தின் அடி நெஞ்சுக்கூட்டிலேயே வந்து அதிரும். வித்வான் சீவாளி மாற்றும்போது இந்தத் தடவை நீங்கள் அவருக்குக் காட்டுங்கள். மல்லாரி வரும்போது உங்கள் விரல் அவர் தோளில் இருக்கட்டும்.